பன்னிரண்டாம் படத்தில் உட்கார்ந்தவர்

அத்தியாயம் 4

டிபன் கேரியரின் மேலடுக்கைத் திறந்ததும் கதிர்வேலுக்குப் பசி போய்விட்டது. தயிர் சாதத்தின் மேல் கடற்கரை மணல் தூவியிருந்தது.

"அடுத்தவங்க சோத்தத் தொறக்க உனக்கு யாரு பர்மிஷன் குடுத்தா?" என்றார் அஜீசுன்னிசா, தலையை நிமிர்த்தாமலே.

"துப்பறியிறேன்க்கா."

மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் இருக்கும் அந்தத் துப்பறியும் நிலையத்தில் மொத்தமே இரண்டு பேர். துப்பறிவது அஜீசுன்னிசா, வாயடிப்பது கதிர்வேல். இருபது வருடம் ஒரு கூரியர் கம்பெனியில் காணாமல் போன பார்சல்களைத் தேடிக்கொடுத்த அம்மாள், ஐம்பது வயதில் அந்த வேலையை உதறிவிட்டு, உலகத்தில் காணாமல் போகும் மற்றதையெல்லாம் தேடக் கிளம்பினார். கதிர்வேல் அதே கம்பெனியில் அந்தப் பார்சல்களைக் காணாமல் போக்கியவன். இரண்டு பக்க அனுபவமும் தேவை என்று அவனையும் கையோடு கூட்டி வந்துவிட்டார்.

கேரியருக்குச் சொந்தக்காரன் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். பெயர் ராபர்ட். வயது முப்பது, ஓல்டு டவுன் பையன். குடிகாட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் லேப் அசிஸ்டன்ட் என்று வந்ததும் சொல்லியிருந்தான்.

"லேபுல உக்காந்து சாப்புடறவரு சோத்துல மணல் எப்பிடி சார் வரும்?" என்றான் கதிர்வேல்.

ராபர்ட்டின் கண் கலங்கிவிட்டது. "வேலைய வுட்டு பத்து நாளாச்சுங்க. அம்மாவுக்குத் தெரியாது. டெய்லி கேரியர் கட்டிக் குடுக்குறாங்க. நானும் வாங்கிக்கிட்டு சில்வர் பீச்சுல போயி உக்காந்துட்டு, சாயந்தரம் ஷிப்ட் முடியிற நேரத்துக்கு வூட்டுக்குப் போறேன்."

"ஏன் வேலைய வுட்டீங்க?"

"செங்கல்லுக்காக."

அஜீசுன்னிசா இப்போதுதான் தலையை நிமிர்த்தினார்.

ராபர்ட் சொன்ன கதை இதுதான். மேலே குமிழ் குமிழாக இருக்கும், ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் பொம்மைச் செங்கலைக் கம்ப்யூட்டரில் அடுக்குவதற்கென்று சாஃப்ட்வேர் இருக்கிறது. எந்தக் கல்லையும் எந்தக் கலரிலும் எடுத்துத் திரையில் அடுக்கலாம். அடுக்கி முடித்தால், முதலில் எதை வைக்க வேண்டும், அடுத்து எதை வைக்க வேண்டும் என்று படம் படமாக ஒரு செய்முறைப் புத்தகத்தையும் அதுவே போட்டுக் கொடுத்துவிடும். படங்களில் ஒரு எழுத்து இருக்காது. எந்த ஊர்க்காரனும் பார்த்துக் கட்டலாம். ராபர்ட் தன் ஊர் பஸ் ஸ்டாப்பிங்கை அப்படி அடுக்கியிருந்தான். அறுநூற்றுப் பன்னிரண்டு கல், தொண்ணூற்றாறு படம். உடைந்த பெஞ்சு, கட்சி போஸ்டர், வெற்றிலைக் கறை, நிழலில் படுத்த கறுப்பு நாய், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு மஞ்சள் மூஞ்சி ஆள். எதையும் விடவில்லை. சென்னையில் பொம்மைப் பெட்டி தயாரிக்கும் ஒரு கம்பெனி அதைத் தேர்ந்தெடுத்து, டிசைனராக வேலைக்கும் கூப்பிட்டிருந்தது. ஃபைலை இன்று மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும்.

"அனுப்ப வேண்டியதுதான?"

"பீச்சுல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். அலை வந்துச்சு. லேப்டாப் போயிருச்சு."

"வேற எதுலயாச்சும் போட்டு வெப்பாங்களே..."

"பென் டிரைவ்ல வெச்சிருந்தேன். அதே பையில."

கதிர்வேல் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அஜீசுன்னிசா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"மிச்சம் இருக்குறது பிரிண்ட் போட்ட புஸ்தகம் மட்டுந்தான் மேடம். அது இருந்தா, யார் லேப்டாப்லயாவது ஒரு ஒரு கல்லா மறுபடி அடுக்கிடுவேன். செராக்ஸ் கடையில பிரிண்டுக்குக் குடுத்து ஒம்போது நாளாவுது. லேப்டாப் போன அன்னைக்கு ஓடிப் போய்க் கேட்டா, கவரே காணும்னுட்டாங்க. எடுத்தவன் யாருன்னு எனக்குத் தெரியும். லால்பேட்டை இம்தியாஸ், அவனும் என்ன மாதிரி கல்லு அடுக்குறவன். என்னோடது போவலன்னா அவனோடதுதான் செலக்ட் ஆவும்."

"நெஜக் கல்லுல கட்டிப் பாத்தீங்களா, தம்பி?" என்றார் அஜீசுன்னிசா சம்பந்தமே இல்லாமல்.

"பிளாஸ்டிக் கல்லு வெலை ஜாஸ்தி மேடம். நான் இதுவரைக்கும் ஒரு கல்லு கூடக் கையால தொட்டதில்ல. சாஃப்ட்வேர்ல அந்தக் கவலையே கெடையாது. கல்ல அந்தரத்துல வுட்டாலும் அங்கியே நிக்கும்."

"கொடுத்து வெச்ச கல்லு" என்றான் கதிர்வேல்.

* * *

செராக்ஸ் கடையில் இருந்த ரேகா, அவர்களைப் பார்த்ததுமே கையைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டாள். "நான் எடுக்கலங்க."

"யாரும்மா நீ எடுத்தன்னு சொன்னா?" அஜீசுன்னிசா கவுன்ட்டரில் கிடந்த கலர் காப்பிகளைப் புரட்டினார். ஒரு ஆதார் கார்டு, ஒரு பட்டா, ஒரு மார்க் ஷீட். எல்லாவற்றிலும் ஓரத்தில் மங்கலாக ஒரு மஞ்சள் தீற்றல். "இது என்னா?"

"மெஷின் கோளாறுங்க. போன புதன்லேர்ந்து அப்பிடித்தான் வருது. யாராவது கேட்டா, மங்களகரமா இருக்கட்டுமேன்னு சொல்லி அனுப்பிடுவேன்."

கதிர்வேல் அடியில் இருந்து ஒரு தாளை உருவினான். "இது டெத் சர்டிபிகேட்டும்மா."

அஜீசுன்னிசா மெஷினின் மூடியைத் தூக்கினார். கண்ணாடியின் நாலு மூலையிலும் மஞ்சள் கறை. விரலால் தேய்த்து மோந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"மெஷின் கோளாறு இல்ல. குழம்புல போடுற மஞ்சத்தூள். கதிரு, ஒரு பெரிய பேப்பருக்கு நாலு மூலையிலயும் மஞ்ச தடவுறது யாரு?"

"கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவன்."

"பத்திரிகை இவ்ளோ பெருசாவா இருக்கும்?"

"கட்டடத்துக்குப் பூஜை போடறவன்." சொல்லிவிட்டுக் கதிர்வேலே நிமிர்ந்து பார்த்தான். "ப்ளான்!"

"புதன்கிழமை ஒருத்தன் மஞ்ச தடவுன கட்டட ப்ளானோட வந்திருக்கான். அன்னைலேர்ந்து ராபர்ட் தம்பியோட கவரு இல்ல. ரேகா, யாரும் வந்து வாங்காத கவரெல்லாம் எங்க வெப்ப?"

ரேகா அலமாரியின் அடித்தட்டைக் காட்டினாள். அதில் பதினோரு காக்கிக் கவர்கள். ஏழாவது கவரில் அது இருந்தது. மடித்த ப்ளான், நாலு மூலையிலும் மஞ்சள், கூடவே இரண்டு காப்பி. கிராமங்களுக்குப் பஸ் நிழற்குடை கட்டக் கொடுக்கும் பொது மாதிரி. ஊர்ப் பெயரே இல்லை. பின்பக்கம் பென்சிலில் 'சுப்பராயலு ஹார்டுவேர்ஸ், சிதம்பரம்' என்று எழுதி ஒரு போன் நம்பர்.

ரேகா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அன்னைக்குக் கூட்டங்க. எல்லாம் ஒரே காக்கிக் கவரு. அந்த மேஸ்திரி அவசரம் அவசரம்னு நின்னாரு. கையில வந்தத எடுத்துக் குடுத்துட்டேன் போலருக்கு."

"பூஜை போட்ட சொந்த ப்ளான வுட்டுட்டுப் போயி எவனும் திருட மாட்டான். லால்பேட்டைப் பையனுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்றார் அஜீசுன்னிசா ராபர்ட்டிடம். "மேஸ்திரி தன்னோட ப்ளான்னு நெனச்சு ஒங்க புஸ்தகத்த எடுத்துட்டுப் போயிருக்காரு."

"பிரிச்சுப் பாத்தவொடனே தெரிஞ்சிருக்குமே மேடம். நாயி, மஞ்ச மூஞ்சி ஆளுன்னு பொம்மைப் படம் அது. ஏன் திருப்பிக் கொண்டாரல?"

அதற்கு மட்டும் அஜீசுன்னிசாவிடம் பதில் இல்லை. பதில் இல்லாதபோது பஸ் ஏறுவது அவர் வழக்கம். ஏறிவிட்டார்கள். ராபர்ட் மடியில் கேரியரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மணி பார்த்தபடியே வந்தான்.

* * *

சிதம்பரம் மேலவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது சுப்பராயலுவின் கடை. போன் நம்பர் எழுதிய ப்ளானைக் காட்டியதும் மனிதர் கல்லாவை விட்டு எழுந்து வந்து அஜீசுன்னிசாவைக் கும்பிட்டார்.

"நீங்கதான் அந்த இன்ஜினியரம்மாவா? ஒங்களத்தாங்க நான் தேடிக்கிட்டு இருந்தேன்."

போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். ராபர்ட் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டான். அவனுடைய புத்தகத்தின் கடைசிப் பக்கம். எந்தக் கல் எத்தனை வேண்டும் என்று சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்த பட்டியல்.

"மணவாளன் மேஸ்திரி வாட்ஸ்அப்புல அனுப்பி, எல்லாத்தையும் ஏத்திவுடுன்னுட்டாரு. முப்பது வருஷமா கடை வெச்சிருக்கேன், இப்பிடி ஒரு ஆர்டர் பாத்ததில்ல. செவப்புக் கல்லு எம்பத்தினாலு, சரி. சாம்பல் பலகை பதினாலு, அதுவும் சரி. ஒவ்வொரு கல்லு மேலயும் எட்டு எட்டா குமிழ் கேக்குறாரு. பெயிண்டு டப்பாவ அச்சா வெச்சு வார்த்துக்கங்கன்னு டப்பா அனுப்புனேன். கடைசியில பாத்தா நாயி ஒண்ணு, கறுப்பு."

"என்னா பண்ணீங்க?" கதிர்வேலால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஆர்டர்ல இருக்குறத இல்லன்னு சொல்ல முடியுமா? விருத்தாசலத்துக்கு ஆள அனுப்பி பீங்கான் நாயி வரவழைச்சேன். வெள்ளைதான் கெடச்சுது. கறுப்புப் பெயிண்டு அடிச்சுக் குடுத்தேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா அந்த ஆளு ஒண்ணு, மஞ்சள்னு போட்டிருந்தது பாருங்க, அது எங்க கடையில கெடைக்காதுன்னு சொல்லிட்டேன். அத அவுங்களே ஏற்பாடு பண்ணிக்கிறதா சொல்லிட்டாங்க."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எந்த ஊரு?" என்றார் அஜீசுன்னிசா.

* * *

புவனகிரி ரோட்டில் நாலு கிலோமீட்டர் போய், வாய்க்கால் பாலத்தில் ஆட்டோ திரும்பியதும் அது தெரிந்தது.

வயலுக்கு நடுவே, ரோட்டோரத்தில், ராபர்ட்டின் பொம்மை பஸ் ஸ்டாப்பிங் ஆளுயரத்துக்கு எழுந்து நின்றது. சிவப்பு, மஞ்சள், சாம்பல் என்று கல்லுக்குக் கல் பளபளக்கும் பெயிண்டு. கூரையின் மேல் வரிசை வரிசையாகச் சிமென்ட் குமிழ்கள். பெஞ்சு, படத்தில் உடைந்திருந்த அதே இடத்தில் கவனமாக உடைக்கப்பட்டிருந்தது. நிழலில் பீங்கான் நாய். அதைப் பார்த்துக் குரைத்துக் குரைத்து அலுத்துப்போய் ஒரு நிஜ நாயும் பக்கத்திலேயே படுத்துவிட்டது. கூரையை மட்டும் ஒரு டஜன் சவுக்குக் கம்புகள் தாங்கிக்கொண்டிருந்தன.

பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மஞ்சள் சட்டை, முகமெல்லாம் மஞ்சள், இரண்டு கையையும் எதையோ பிடிக்கப் போகிறவர் மாதிரி வளைத்து முன்னால் நீட்டியிருந்தார். சிரித்த முகம்.

"அண்ணே, பஸ்ஸு எப்ப வரும்?" என்றான் கதிர்வேல்.

"பஸ்ஸு இந்த ரோட்டுல வராதுங்களே" என்றார் அவர் சிரிப்பு மாறாமல். "நான் வேலையில இருக்கேன்."

அதற்குள் கழுத்தில் துண்டோடு ஒரு பெரியவர் ஓடி வந்தார். மேஸ்திரி மணவாளன். அவர் கையில் சுருள் கம்பி போட்ட கலர்ப் புத்தகம், நாலு மூலையிலும் மஞ்சளும் குங்குமமுமாக இருந்தது. ராபர்ட் பாய்ந்து அதைப் பிடித்தான். "இது என்னோடது! நான் போட்டது!"

மேஸ்திரி அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நீங்களா தம்பி? இருவத்தேழு வருஷமா கட்டடம் கட்டுறேன். எல்லா இன்ஜினியரும் கோட்டப் போட்டு, நம்பரப் போட்டு, இங்கிலீஷுல எழுதி என் கையில குடுத்துட்டுப் போயிடுவான். சந்தேகம் கேட்டா திட்டுவான். இதுல பாருங்க, முதல்ல இத வை, அப்பறம் அத வைன்னு பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்குற மாதிரி இருக்கு. எனக்குப் புரியணும்னு ஒருத்தன் ப்ளான் போட்டது இதுதான் முதல் தடவ."

பொம்மைப் புத்தகம் ஏன் திரும்பி வரவில்லை என்ற கேள்விக்கு அஜீசுன்னிசாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது. ராபர்ட்டுக்குக் கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

"அவுரு யாரு?" என்று பெஞ்சைக் காட்டினான்.

"எம் மச்சான், திருநாவுக்கரசு. பன்னண்டாம் படத்துல ஒரு ஆளு வந்து உக்கார்றான் இல்லீங்களா? அதுக்கப்பறம் எந்தப் படத்துலயும் அவன் எந்திரிக்கல. அதான் ஆறு நாளா உக்கார வெச்சிருக்கோம். சாப்பாட்டுக்கும் ஒதுங்கவும் மட்டும் வுடுறேன். அப்ப எங்க சித்தாளு ஒண்ணு மாத்து ஆளா உக்காரும்."

"மூஞ்சில மஞ்ச?"

"அது வூட்டுல அரைச்சது. ஒடம்புக்கு நல்லது" என்றார் திருநாவுக்கரசு.

கதிர்வேல் திரும்பி நின்றுகொண்டான். தோள் குலுங்கியது. அஜீசுன்னிசா மட்டும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, அந்தச் சவுக்கு எதுக்கு?"

மணவாளனின் முகம் வாடிவிட்டது. "அதத்தாங்க தம்பிகிட்ட கேக்கணும். ரெண்டு நாளா தூக்கமில்ல. நாப்பத்தேழாம் படத்துல கூரை ஏறுது. ஆனா தூணு ஒரு கல்லு கீழயே நின்னுடுது. நடுவுல ஒண்ணுமே இல்ல. நானும் புஸ்தகத்தத் தலைகீழா வெச்சுப் பாத்தேன், கண்ணாடிய மாத்திப் பாத்தேன். படிச்சவரு போட்டது தப்பா இருக்காது, நமக்குத்தான் வெளங்கலன்னு சவுக்க முட்டுக் குடுத்து நிறுத்தி வெச்சிருக்கேன். சொல்லுங்க தம்பி, கூரை எதுல நிக்குது?"

ராபர்ட் புத்தகத்தைப் பிரித்து நாற்பத்தேழாம் படத்தைப் பார்த்தான். நிமிர்ந்து, தலைக்கு மேலே இருந்த நிஜமான கூரையைப் பார்த்தான். திரையில் அவன் எப்போதும் முன்பக்கமாகவே பார்த்துப் பழகியவன். பின்னால் ஒரு கல் இடைவெளி இருந்தது அவன் கண்ணில் பட்டதே இல்லை. ஃபைல் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தால், சென்னையில் முதல் பெட்டியைக் கட்டியவன் மடியிலேயே கூரை விழுந்திருக்கும். வேலையும் அதோடு விழுந்திருக்கும்.

"எதுலயும் நிக்கல மேஸ்திரி" என்றான். வெட்கத்தில் அவனுக்குக் காதெல்லாம் எரிந்தது. "நான் தப்பாப் போட்டுட்டேன்."

அவனைவிட மேஸ்திரிக்குத்தான் அதிக நிம்மதி. "அவ்ளோதானா? தூணு மேல குறுக்க ஒரு பீம் குடுத்தா முடிஞ்சுது. நாலு கல்லு. சாயந்தரத்துக்குள்ள சரி பண்ணிடலாம்."

அஜீசுன்னிசா ராபர்ட்டின் தோளைத் தொட்டார். "மணி ரெண்டே கால். புஸ்தகம் கெடச்சிருச்சு, தப்பும் தெரிஞ்சிருச்சு. அந்த சாஃப்ட்வேர் இருக்குற லேப்டாப் பக்கத்துல யாருகிட்ட இருக்கு?"

ராபர்ட்டுக்குப் பதில் தெரியும். கடைசியில் போனை எடுத்தான்.

"மச்சான்... நாந்தான். ஒன்னையத் திருடன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"தெரியும். நம்ம வாட்ஸ்அப் குரூப்புலயே போட்டிருந்தியே" என்றது இம்தியாஸின் குரல். "இப்ப என்னா வேணும்?"

ராபர்ட் விஷயத்தைச் சொன்னான். "நீ அனுப்பலன்னா என்னோட கப்பல்தான் செலக்ட் ஆவும், தெரியுமில்ல?"

"தெரியும் மச்சான்."

"எங்க அத்தா அதப் பாத்துட்டு, கப்பல் மாதிரி இல்லடா, கடல்ல வுழுந்த பீரோ மாதிரி இருக்குதுன்னுட்டாரு. லொகேஷன் அனுப்பு."

மூன்றே காலுக்கு லேப்டாப்பை மடியில் கட்டிக்கொண்டு பைக்கில் வந்து இறங்கினான் இம்தியாஸ். ராபர்ட் பக்கம் பக்கமாகப் பார்த்துச் சொன்னான், இம்தியாஸ் கல் கல்லாக வைத்தான். மேஸ்திரி பின்னால் நின்று "இன்னும் ரெண்டு குமிழ் தள்ளி, ஆங், அங்கதான்" என்று விரட்டினார். கொத்தனார்கள் எண்ணிக்கை சொன்னார்கள். கதிர்வேல் டீ வாங்கி வந்தான், சிந்தவும் சிந்தினான். நாற்பத்தேழாம் படத்தில் பீம் ஏறியது. அறுநூற்றுப் பதினாறு கல்.

ஐந்து நாற்பத்தைந்துக்குத் தொண்ணூற்றாறாம் படம் முடிந்தது. இம்தியாஸ் அனுப்பப் போனான்.

"தம்பி" என்று பெஞ்சில் இருந்து குரல் வந்தது. "அப்ப நானு?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். திருநாவுக்கரசு அதே வளைந்த கைகளோடு, அதே சிரிப்போடு இருந்தார். ஆனால் கண் மட்டும் சிரிக்கவில்லை. ராபர்ட் அவரைப் பார்த்தான். யாரும் எழுந்திரு என்று சொல்லாததால் ஆறு நாளாக உட்கார்ந்திருக்கும் மனிதர். அவன் பார்வை தன் பக்கத்தில் இருந்த கேரியருக்குத் திரும்பியது.

"மச்சான், இன்னொரு ஸ்டெப் போடு" என்றான். "தொண்ணூத்தேழு. அந்த ஆள பெஞ்சுலேர்ந்து எடுத்துரு."

இம்தியாஸ் எடுத்தான். திரையில் பெஞ்சு காலியாகத் தெரிந்தது. திருநாவுக்கரசு லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி, நன்றாகப் பார்த்துக்கொண்ட பிறகுதான் எழுந்தார். முட்டி இரண்டும் சத்தம் போட்டன. ஊரே கை தட்டியது.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு ஃபைல் போனது. ஐந்து ஐம்பத்தேழுக்குக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது: 'கிடைத்தது. திங்கட்கிழமை வந்து சேரவும்.'

அஜீசுன்னிசா காக்கிக் கவரில் இருந்த உண்மையான ப்ளானை மேஸ்திரியிடம் கொடுத்தார். அவர் அதை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணியும் வெளங்கல" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ராபர்ட் தள்ளிப் போய் நின்று வீட்டுக்குப் போன் போட்டான். அவசரத்தில் விரல் ஸ்பீக்கரையும் அழுத்திவிட்டது.

"அம்மா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் கம்பெனி வேலைய வுட்டுட்டேன். பத்து நாளாவுது."

"தெரியும்டா" என்றார் அவன் அம்மா முத்தம்மாள். "பத்து நாளா ஒன் சட்டையில கெமிக்கல் நாத்தம் இல்ல. தொவைக்கிற கல்லுல மணலு கொட்டுது. கேரியர்ல சோறு அப்பிடியே திரும்பி வருது. நீயா எப்ப எந்திரிச்சு வந்து சொல்லுவேன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன். சாப்டியா?"

ராபர்ட் அழுதுகொண்டே "இல்லம்மா" என்றான்.

அஜீசுன்னிசா கதிர்வேலைப் பார்த்தார். கதிர்வேல் பீங்கான் நாயைப் பார்த்தான்.

"அக்கா, நாம மூணு ஊரு சுத்திக் கண்டுபுடிச்சோம். அந்தம்மா தொவைக்கிற கல்லாண்ட நின்னே கண்டுபுடிச்சிட்டாங்க."

"அதனாலதான் சொல்றேன்" என்றார் அஜீசுன்னிசா, செருப்பை மாட்டிக்கொண்டே. "போறதுக்குள்ள அவுங்க நம்பர வாங்கி வெச்சிக்க."